நகை வடிவமைப்புக்கு வருகிறவர்களுக்கு: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நகை வடிவமைப்பாளர் என்றதும் பலர் மனதில் வருவது, வெள்ளைத் தாளில் வண்ணப் பென்சிலால் நெக்லஸ் வரைந்துகொண்டிருக்கும் ஒருவர்தான். வரைவது உண்டு. ஆனால் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால் அதற்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் வார்ப்புக்காரரிடம் பேசுவதிலும், வந்த கற்களை லென்ஸ் வைத்துப் பார்ப்பதிலும், எடை போடுவதிலும், விலைப்பட்டியல் எழுதுவதிலும், வாடிக்கையாளரின் விரல் அளவை இன்னொரு முறை கேட்பதிலும் போகும். அப்புறம் அரம், உப்புத்தாள், மறுபடியும் அரம். இத்தனையும் சேர்ந்ததுதான் வேலை என்று தெரிந்து வருகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

நகையின் முகத்தை ஓரளவு கைத்திறன் உள்ள யாரும் அழகாக வரைந்துவிடலாம். அதை வாங்கியவர் தினமும் போடுவாரா, பெட்டியிலேயே வைத்துவிடுவாரா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: கொக்கி, கீல், எடை, கல்லின் அடிப்பக்கம், தோலில் படும் விளிம்பு. அதனால் இந்த வழிகாட்டியும் அங்கிருந்துதான் போகிறது.

முதல் படி: திருப்பிப் பார்க்கப் பழகுங்கள்

கையில் எந்த நகை கிடைத்தாலும் முதலில் திருப்பிப் பாருங்கள். கல்லுக்குக் கீழே திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? பற்றவைத்த இடம் எது? கொக்கியை ஒரே கையால் போட முடிகிறதா? எந்த இடம் தேய்ந்திருக்கிறது? பழைய சங்கிலிகளில் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கம்தான் முதலில் மெலியும். இதையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்து, வெர்னியர் காலிப்பரால் அளந்து, மில்லிமீட்டரில் எழுதிவையுங்கள். கொஞ்ச நாளில் 0.8 மி.மீ. கம்பிக்கும் 1 மி.மீ. கம்பிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

பெரியவர்களின் வேலையையும் இதே கண்ணோடு பாருங்கள். சிற்பியான அலெக்சாண்டர் கால்டர் ஏறக்குறைய 1800 நகைகள் செய்தார். பெரும்பாலானவை பித்தளை, வெள்ளிக் கம்பிகளைச் சுத்தியால் தட்டியவை. பற்றவைப்பதைப் பெரும்பாலும் தவிர்த்து, கம்பியைச் சுற்றியும் ஆணி அடித்தும் இணைத்தார். அந்த இணைப்புகளே அவருடைய அலங்காரமாகவும் ஆயின. எல்சா பெரெட்டி வடிவமைத்த எலும்பு வடிவக் கைக்காப்பு மணிக்கட்டு எலும்பின் மேட்டையே பின்தொடர்ந்து போகிறது. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்யப்படுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த விவியானா டோருன் 1962இல் வடிவமைத்த கைக்கடிகாரத்துக்குக் கொக்கியே கிடையாது. திறந்த வளையலாகக் கையில் நிற்கும். 1980இல் ஓட்டோ கூன்ஸ்லி ஒரு தங்க உருண்டையைக் கறுப்பு ரப்பர் குழாய்க்குள் மறைத்துக் கைவளையாக்கினார். தங்கம் உள்ளே இருப்பதை அணிபவர் நம்பத்தான் வேண்டும். நான்கு பேரும் நான்கு வழியில் போனவர்கள். ஆனால் 'இது உடம்பில் எப்படி நிற்கும், எப்படி மூடும், எப்படித் தெரியும்' என்ற கேள்விக்கு நால்வரிடமும் தெளிவான பதில் இருந்தது.

இரண்டாம் படி: கையால் ஒரு மோதிரம் செய்யுங்கள்

கணினியில் மட்டும் வடிவமைக்கப்போகிறேன் என்பவர்களுக்கும் இந்தப் படி அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உலோகம் எங்கே வளையும், எங்கே உடையும் என்பது கைக்குத் தெரிந்த பிறகுதான் மவுசுக்கும் தெரியும். செம்பில் பழகிவிட்டு வெள்ளிக்குப் போங்கள். தங்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எளிமையான பட்டை மோதிரம் ஒன்று போதும், அடிப்படை வேலை எல்லாமே அதில் வந்துவிடும். முதலில் பட்டையின் நீளம். மோதிரத்தின் உள்விட்டத்தோடு தகட்டின் தடிமனைக் கூட்டி 3.14ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ. என்றால் 18.5 பெருக்கல் 3.14, அதாவது 58 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். தடிமனைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் மோதிரம் சிறிதாகிவிடும். அகலமான பட்டை விரலை இறுக்கிப் பிடிக்கும் என்பதால் அதற்கு இன்னும் ஒரு சிறு அளவு கூட்ட வேண்டும்.

அடுத்தது அறுப்பது. ரம்பத்தின் பிளேடை மாட்டும்போது பற்கள் வெளிப்பக்கமும் கைப்பிடியை நோக்கிக் கீழ்ப்பக்கமும் பார்க்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அது வெட்டும். விரலால் சுண்டினால் மெல்லிய மணிச்சத்தம் வரும் அளவுக்கு இறுக்கம் இருக்கட்டும். தகட்டின் தடிமனுக்குள் குறைந்தது இரண்டு மூன்று பற்களாவது அடங்குகிற பிளேடைத் தேர்ந்தெடுங்கள். ரம்பத்தை அழுத்தவே வேண்டாம். பிளேடு உடைவதற்கு முக்கால்வாசிக் காரணம் அழுத்தமும், திருப்பத்தில் அவசரப்படுவதும்தான். கோட்டின் மேல் அறுக்காமல் கோட்டை ஒட்டி வெளியே அறுத்துவிட்டு, மிச்சத்தை அரத்தால் எடுங்கள்.

பட்டையை வளைக்க வளைக்க அது விறைத்துக்கொண்டே போகும். தட்டுவது, வளைப்பது, இழுப்பது எல்லாமே உலோகத்தைக் கடினமாக்கும். அப்போது டார்ச்சால் மங்கிய சிவப்பு தெரியும்வரை சூடுகாட்டிக் குளிரவைத்தால் மறுபடி இளகிவிடும். அறையில் விளக்கு பிரகாசமாக இருந்தால் அந்தச் சிவப்பு கண்ணில் படாது. எனவே சூடுகாட்டும் இடம் கொஞ்சம் இருட்டாக இருப்பது நல்லது. சுத்தமான வெள்ளி 962 டிகிரி செல்சியஸிலும் தங்கம் 1064 டிகிரியிலும் உருகும். 1000க்கு 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்புமாக இருக்கும் ஸ்டெர்லிங் வெள்ளி, சுத்த வெள்ளியை விடக் குறைந்த சூட்டிலேயே உருக ஆரம்பிக்கும். கவனமாக இருங்கள்.

இப்போது பற்றவைப்பது. புதியவர்கள் மிகவும் பயப்படுகிற இடம் இது. பயம் தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். பட்டையின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்த வேண்டும். விளக்குக்கு எதிரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. பற்றவைக்கும் பொடி (மூட்டை இணைக்க உருக்கும் கலப்பு உலோகம்) இடைவெளியை நிரப்பாது, ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஓட மட்டுமே செய்யும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஓடாது. மூட்டில் வெண்காரக் கரைசலைத் தடவி, சிறு துண்டுப் பொடியை வைத்து, முழு மோதிரத்தையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். சுடரைப் பொடியின் மேல் காட்டினால் அது உருண்டையாகச் சுருண்டுகொண்டு நகராது. எந்தப் பக்கம் அதிகம் சூடோ அந்தப் பக்கம்தான் பொடி ஓடும். மோதிரம் முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்த நொடியில் மூட்டு வழியே ஒரு வெள்ளிக்கோடு சட்டென்று பாய்வதைப் பார்ப்பீர்கள். உடனே சுடரை எடுத்துவிடுங்கள்.

ஒரே நகையில் பல மூட்டுகள் இருந்தால், அதிக சூட்டில் உருகும் பொடியை முதலிலும் குறைந்த சூட்டில் உருகும் பொடியைக் கடைசியிலும் பயன்படுத்த வேண்டும். வரிசை மாறினால் இரண்டாவது மூட்டை வைக்கும்போது முதல் மூட்டு அவிழும். வடிவமைப்பாளர் இதை வரையும்போதே யோசிக்க வேண்டும். எது முதலில், எது கடைசியில் என்று எழுதாத வரைபடம் பாதி வரைபடம்தான்.

பற்றவைத்த கறுப்பை நீக்க நீர்த்த அமிலக் கரைசலில் போடுவோம். சிட்ரிக் அமிலமே வீட்டில் பழகுபவர்களுக்குப் போதும். அதற்குள் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள், நகை முழுக்கச் செம்பு படிந்துவிடும். செம்பு அல்லது பிளாஸ்டிக் சாமணம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக உப்புத்தாள்: 400, 600, 800, 1200 என்று வரிசையாக. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கோடுகள் போய்விட்டனவா என்று தெரியும். மெருகு போடும் சக்கரம் கீறலை மறைக்காது, பளிச்சென்று எடுத்துக்காட்டும்.

பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி, கட்டிய முடி, காற்றோட்டம் மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. சுழலும் மெருகுச் சக்கரத்தில் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிக்கவே கூடாது, இழுத்துவிடும். காட்மியம் கலந்த பழைய பொடி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: உடம்பில் போட்டுப் பாருங்கள்

தாளில் நன்றாக இருக்கும் கம்மல் காதில் பாரமாகத் தொங்கும். தினமும் போடும் கம்மல் என்றால் ஒரு காதுக்கு 5 அல்லது 6 கிராமுக்குள் நிறுத்துவது என் வழக்கம். வடிவம் முடிவாகும் முன்பே அட்டையில் வெட்டி, பின்னால் களிமண் ஒட்டி உத்தேச எடைக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியுங்கள். தலையைத் திருப்பும்போது கழுத்தில் இடிக்கிறதா, முடியில் மாட்டுகிறதா, போனைக் காதில் வைத்தால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் அது சொல்லிவிடும்.

பதக்கம் கவிழ்ந்துகொண்டே இருந்தால், மாட்டும் வளையம் எடையின் மையத்துக்குப் போதிய உயரத்தில் இல்லை என்று அர்த்தம். புரோச்சின் ஊசியும் மேல்பாதியில் இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் துணியை இழுத்துக்கொண்டு முன்னால் சாயும். காதுக்குள் போகும் கம்பி 0.8 அல்லது 0.9 மி.மீ. இருப்பது பொதுவான வழக்கம், அதன் நுனி உருட்டி மழுங்கியிருக்க வேண்டும்.

நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, தோல் சிவந்து அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளையில் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்றே விதி இருக்கிறது. டைட்டானியம், நியோபியம், நிக்கல் கலக்காத தங்கம் ஆகியவை பாதுகாப்பானவை. வெள்ளைத் தங்கம் வாங்கும்போது அதில் நிக்கல் கலந்திருக்கிறதா, பல்லேடியம் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். மேலே உள்ள ரோடியம் பூச்சு தேய்ந்த பிறகு தோலில் படுவது அந்தக் கலவைதான்.

நான்காம் படி: கல்லின் குணம்

கல்லை நிறம் பார்த்து வாங்குவதற்கு முன் கடினம் பாருங்கள். கீறலைத் தாங்கும் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, குவார்ட்ஸ் 7. காற்றில் பறக்கும் தூசியிலேயே குவார்ட்ஸ் இருக்கிறது. எனவே 7க்குக் கீழே உள்ள ஓபல், டர்க்காய்ஸ், முத்து ஆகியவை மோதிரத்தில் தினமும் அடிபட்டால் சீக்கிரம் மங்கும். அவற்றைக் காதுக்கோ பதக்கத்துக்கோ கொடுங்கள். மரகதத்தின் கடினம் போதுமானதுதான், ஆனால் உள்ளே வெடிப்புகள் சகஜம். பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அதிர்வலையால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியில் போட்டால் எண்ணெய் வெளியேறி வெடிப்பு கண்ணில் படும். முத்தையும் ஓபலையும்கூட அதில் போடாதீர்கள்.

கல்லின் எடை காரட்டில்: ஒரு காரட் 0.2 கிராம். ஆனால் வடிவமைப்புக்கு உங்களுக்கு வேண்டியது மில்லிமீட்டர். 6.5 மி.மீ. விட்டமுள்ள வட்ட வைரம் சுமார் ஒரு காரட் இருக்கும். அதே விட்டத்தில் நீலம் அதைவிடக் கனமாக இருக்கும். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அடிப்பாகம் ஆழமான கல்லுக்கு உயரமான அமைப்பு வேண்டும், இல்லாவிட்டால் கல்லின் கூர்நுனி விரலைக் குத்தும். கல் பதித்து முடித்ததும் ஒரு பஞ்சை மேலே தேய்த்துப் பாருங்கள். கல்லைப் பிடிக்கும் எந்த உலோகக் காலில் நூல் சிக்குகிறதோ, அது துணியிலும் சிக்கும்.

ஐந்தாம் படி: திரையிலிருந்து உலோகத்துக்கு

ரைனோ, மேட்ரிக்ஸ்கோல்ட் போன்ற மென்பொருள்களில் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றில் கைவைத்து எதிலும் தேறாமல் இருப்பதைவிட அது மேல். திரையில் 2 மி.மீ. பூ ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெரியும், அதற்குள் இதழ் நரம்பெல்லாம் வரைந்துவிடத் தோன்றும். அவ்வப்போது உண்மை அளவில் தாளில் அச்செடுத்து விரலின் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தை எடுத்துவிடலாம். மோதிரத்தின் கீழ்ப்பட்டை 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் நாளடைவில் வளையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் வரைந்த வடிவம் முப்பரிமாண அச்சில் மெழுகாகவோ பிசினாகவோ வந்ததும், குழாய்போல ஒரு தண்டு வைத்து, சாந்தில் புதைத்து, சூளையில் மெழுகை உருக்கி எரித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். வார்ப்பில் உலோகம் சில சதவீதம் சுருங்கும். மெருகிடுவதிலும் கொஞ்சம் போகும். இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பது அந்தந்தப் பட்டறையைப் பொறுத்தது, வார்ப்புக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவரை வெறும் வேலையாளாக நடத்தாதீர்கள். 'இந்த மூலையில் உலோகம் போகாது' என்று அவர் சொன்னால் அது பல வருட அனுபவம்.

எடைக் கணக்கு எளிது. மெழுகு அச்சு 1 கிராம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளியில் அது சுமார் 10.5 கிராம், 18 காரட் (இங்கே காரட் என்பது எடையல்ல, தங்கத்தின் சுத்தம்) மஞ்சள் தங்கத்தில் சுமார் 15.5 கிராம். வெள்ளியில் சரியாக இருந்த கம்மலைத் தங்கத்தில் கேட்டால் காது ஒன்றரை மடங்கு சுமக்கும். உட்புறத்தைக் குடைந்து எடை குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஆறாம் படி: விலை போடுவது

பலரும் தவறவிடுகிற இடம். உலோகத்தோடு கல்லைக் கூட்டி, மேலே 'ஏதோ கொஞ்சம்' சேர்த்தால் அது விலை ஆகாது. உலோகம், கல், வெளியில் கொடுத்த செய்கூலி, சேதாரம், உங்கள் நேரம், வாடகை, மின்சாரம், தேய்ந்துபோகும் கருவிகள், பெட்டி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்ததுதான் அடக்க விலை. அதன் மேல்தான் லாபம். நேரத்தை உத்தேசமாகப் போடாதீர்கள். ஒவ்வொரு நகைக்கும் ஒரு அட்டை வைத்து, அறுத்தது எவ்வளவு நேரம், மெருகிட்டது எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். கடைக்கு மொத்தமாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், கடைக்காரர் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு விற்பார் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் நேரடி விலை அதைவிடக் குறைந்தால் எந்தக் கடையும் உங்களிடம் வாங்காது.

உலோக விலை தினமும் மாறும். விலைப்பட்டியலில் 'இத்தனை நாள்வரை மட்டும்' என்று எழுதுங்கள். மேசைக்குக் கீழே தோல் விரிப்போ தட்டோ வைத்து, அரத்தூளைச் சேருங்கள். தங்கத்தூள், வெள்ளித்தூள் தனித்தனி டப்பாவில். அதைச் சுத்திகரித்து வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏழாம் படி: வாடிக்கையாளர்

யாராவது பழைய நகையைக் கொண்டுவந்து 'இதை மாற்றிச் செய்து கொடுங்கள்' என்றால், அவர் முன்னாலேயே எடை போடுங்கள், படம் எடுங்கள், ஒவ்வொரு கல்லையும் 10 மடங்கு லென்ஸில் பார்த்து, ஓரத்தில் சில்லு இருந்தால் அவருக்கும் காட்டி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த அரைமணி நேரம் பின்னால் வரக்கூடிய பெரிய மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். பழைய தங்கத்தில் பற்றவைத்த பொடியும் கலந்திருக்கும், உருக்கினால் அதே சுத்தம் கிடைக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 22 காரட் என்றால் 1000க்கு 916 பங்கு தங்கம், 18 என்றால் 750, 14 என்றால் 585. முத்திரை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், விற்கத் தொடங்கும் முன் உங்கள் இடத்து விதியைப் படித்துவிடுங்கள். பூச்சு நகையைப் பூச்சு என்றும், ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை ஆய்வகத்தில் வளர்த்தது என்றும் எழுதாமல் விற்காதீர்கள்.

என்ன வேண்டும் என்று கேட்பதோடு, அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்றும் கேளுங்கள். நாள் முழுக்கக் கையுறை போடும் மருத்துவருக்கு உயரமான கால்களுள்ள மோதிரம் சரிப்படாது. விரல் அளவைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எடுங்கள். வெயிலில் விரல் கொஞ்சம் பெருக்கும். கணு பெரிதாக உள்ளவருக்குக் கணுவைத் தாண்டும் அளவும், தாண்டிய பின் சுழலாமல் நிற்கும் அளவும் வேறு வேறு. உள்ளே சிறு மணிகள் இரண்டு பற்றவைத்தால் மோதிரம் சுழலாது. முன்பணம், எத்தனை முறை வரைபடம் மாற்றலாம், எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

எட்டாம் படி: உங்களுடையது என்று சொல்ல ஒரு தொகுப்பு

முப்பது விதமான நகைகளைக் காட்டுவதைவிட, ஒரே யோசனையிலிருந்து பிறந்த ஆறு நகைகளைக் காட்டுங்கள். நீங்களே கண்டுபிடித்த ஒரு கீலோ, கம்பி மடிப்போ, கல்லைப் பிடிக்கும் முறையோ அந்த ஆறிலும் ஓடட்டும். அடுத்தவர் வடிவத்தை அப்படியே எடுக்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததால் அதை மேற்கொண்டு வளர்க்கவும் முடியாது. படம் எடுக்கும்போது பளபளக்கும் உலோகத்துக்கு நேரடி விளக்கு வேண்டாம். வெள்ளைத் துணி வழியாக வரும் ஜன்னல் வெளிச்சம் போதும். ஒரு படம் உடம்பில், ஒரு படம் முன்பக்கம், ஒரு படம் கொக்கியும் பின்பக்கமும்.

இந்தத் தொகுப்போடு ஒரு நிறுவனத்தில் சேரலாம், தனியாக வடிவமைத்துக் கொடுக்கலாம், சொந்தப் பெயரில் தொடங்கலாம். முதலில் சில வருடங்கள் ஒரு பட்டறையில் இருந்துவிட்டு வருவது நல்லது என்பது என் கருத்து. வெளியில் வந்தபின் யாரும் அவ்வளவு பொறுமையாகத் திருத்தமாட்டார்கள்.

கொடுத்த பிறகு

ஒவ்வொரு நகைக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: உலோகம், எடை, விரல் அளவு, கற்களின் மில்லிமீட்டர் அளவு, பயன்படுத்திய பொடி, அச்சின் எண். மூன்று வருடம் கழித்து ஒரு சிறு கல் விழுந்துவிட்டது என்று போன் வரும்போது அந்தக் கோப்பைத் திறந்தால் 1.3 மி.மீ.யா 1.5 மி.மீ.யா என்று உடனே தெரியும். ஜோடிக் கற்கள் வாங்கும்போது ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி அதே கோப்பின் உறையில் போட்டுவையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுவரச் சொல்லி, கால்களையும் கொக்கியின் ஸ்பிரிங்கையும் சோதித்துக் கழுவிக் கொடுங்கள். எந்த இடம் தேய்ந்து வந்திருக்கிறது என்று பார்த்து அதே கோப்பில் எழுதுங்கள். அடுத்த மோதிரத்தின் தடிமனை முடிவு செய்ய உங்களுக்கு அந்த வரி வேண்டும்.